சுவைப்போரும் விளைப்போரும்

இத்தாலி தேசத்திலே, பிளாரென்ஸ் நகரத்திற்கும் சியெனா நகரத்திற்கும் இடையே, கியாந்தி என்றொரு குன்றுப் பிரதேசம் இருக்கிறது. அங்கே விளையும் திராட்சையிலிருந்து வடிக்கும் மதுவைச் சுவைப்பதற்கும், அம்மதுவுக்கு இசைந்த உணவை உண்பதற்கும், உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் பொருள் படைத்தோர் ஆண்டுதோறும் செல்கிறார்கள். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போவது போல இது நாக்கின் பொருட்டுச் செய்யும் யாத்திரை. இதை நடத்திக் கொடுக்கப் பிரயாணக் கம்பெனிகள் உண்டு, வழிகாட்டிகள் உண்டு, 'மது வீதிகள்' என்று பாதைகளுக்குப் பெயரிட்டு, 1999-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டசபை அதற்கென ஒரு சட்டமே செய்திருக்கிறது.

பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும் பட்டணத்தில் கடைகண்ணி வைத்திருப்பவர்களுக்கும் இத்தாலி மதுவால் ஆவதென்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒரு விடுமுறை நாளில் ரிங்லெட் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். தாப்பாவிலிருந்து மலையேறி வரும் கார்களும் பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்து செல்லும். அவற்றில் இருப்பவர்களும் சுவைக்கவே வருகிறார்கள். தேயிலைச் சரிவை எதிரே வைத்துக்கொண்டு தேநீர் பருகவும், ஸ்ட்ராபெரிப் பழத்தைத் தம் கையாலேயே பறித்துத் தின்னவும், குளிரில் ஆவி பறக்கும் ஸ்டீம்போட் சட்டியைச் சுற்றி உட்காரவும் வருகிறார்கள். ரிங்லெட்டிலிருந்து பிரிந்து கீழிறங்கும் பாதையிலுள்ள லெம்பா பெர்த்தாமுக்கு வருவோர் மிகச் சிலரே. அங்கே பார்க்க என்ன இருக்கிறது? காய்கறித் தோட்டங்களும், அவற்றின் பிளாஸ்டிக் பந்தல்களும், உழைக்கும் ஜனங்களுந்தாம். விருந்துண்பவன் அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை.

சுவைப்பவர்களின் சரித்திரம் அச்சாகி, படம் போட்டு, விற்கப்படுகிறது. விளைத்தவர்களின் சரித்திரம் என்னவாயிற்று? முதலில் இத்தாலியில் அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு நம் மலைக்குத் திரும்புவோம்.

கியாந்தியின் கதையைப் பிரயாணிகளுக்குச் சொல்லும்போது சில பெயர்கள் தவறாமல் வரும். 1716-ஆம் ஆண்டில் அம்மது விளையும் நிலத்தின் எல்லையை வகுத்துக் கட்டளையிட்ட தஸ்கனிக் கோமகன் மூன்றாம் கோசிமோ ஒருவர். எந்தெந்தத் திராட்சையைச் சேர்த்து அம்மதுவை வடிக்க வேண்டும் என்று 1872-இல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்த பெத்தினோ ரிக்காசோலி பிரபு மற்றொருவர். ஒன்றுபட்ட இத்தாலிக்குக் கவூருக்குப் பின் இரண்டாவது பிரதம மந்திரியாக இருந்தவரும் இவரே. அந்தினோரி என்ற குடும்பத்தார் 1385 முதல் தங்கள் மது வியாபாரத்துக்கு வமிசாவளி காட்டுகிறார்கள். அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வமிசாவளி! நல்லது. அந்த அறுநூறு ஆண்டும் கொடியைக் கவ்வாத்து செய்தவன் யார், குலையை அறுத்தவள் யார் என்று கேட்டால் பதிலில்லை.

பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்நாட்டில் 'மெத்சாத்ரியா' என்று ஒரு முறை பல நூற்றாண்டுகளாய் நிலவிவந்தது. நம் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, அது வாரம். நிலம் மிராசுதாரருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. சொல்லளவில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தக் குடியானவன் மட்டுமல்ல, அவன் பெண்டு பிள்ளைகள் அனைவரும் அந்த நிலத்துக்கு உழைக்கக் கடமைப்பட்டவர்கள். மகனுக்கோ மகளுக்கோ கலியாணம் செய்ய வேண்டுமானால் மிராசுதாரரின் சம்மதம் வேண்டும், ஏனெனில் வீட்டில் ஒரு கை கூடினாலும் குறைந்தாலும் அது அவருடைய கணக்கைப் பாதிக்கும். பண்டிகை தோறும் கோழியும் முட்டையும் காணிக்கை வைக்க வேண்டும். பற்றுவரவுப் புத்தகம் காரியஸ்தன் கையில். எழுத்தறியாதவன் கடன் அதில் தலைமுறை தலைமுறையாய் வளரும். வெளியேறு என்று சொல்லிவிட்டால் வீடும் போயிற்று, ஏனெனில் வீடும் நிலத்தோடு சேர்ந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் புதிதாயிராது.

நல்ல மதுவில் தன் பாதியையும் அவன் பெரும்பாலும் விற்றுத்தான் உப்பும் செருப்பும் வாங்கினான். பின் அவன் குடித்தது என்ன? சாறு பிழிந்தபின் மிஞ்சிய தோலிலும் விதையிலும் தண்ணீரை ஊற்றி, ஊறவைத்து, மறுபடி வடித்த நீர். தேங்காயைத் துருவிப் பிழியும்போது முதற்பால், இரண்டாம் பால் என்கிறோமே, அது போல. முதற்பால் விருந்துக்கு, இரண்டாம் பால் வீட்டுக்கு. அந்த இரண்டாம் நீரைக் குடித்துக்கொண்டுதான் கியாந்தியின் குடியானவன் முதல்நீரைப் பீப்பாயில் நிரப்பினான்.

உணவின் கதை இதைவிட விசித்திரமானது. இன்று அங்கே பிரயாணிகள் ஆவலோடு கேட்டுண்ணும் பண்டங்களில் ஒன்று 'ரிபொல்லித்தா'. உலர்ந்துபோன ரொட்டியும், அவரையும், கீரையும் சேர்த்த பழைய கூழை மறுநாள் மறுபடி கொதிக்கவைத்தால் அதுதான் ரிபொல்லித்தா. அச்சொல்லின் பொருளே 'மறுபடி கொதித்தது' என்பது. நம் வீட்டுச் சுண்டக் குழம்புக்கு அவ்வூர்த் தங்கை. வறுமையில் பிறந்த பண்டம் வெள்ளித் தட்டில் ஏறியிருக்கிறது. ஏறட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. வட இத்தாலியில் மக்காச்சோளக் களியையும் இப்படியே சிறப்பிக்கிறார்கள். ஆனால் அந்தக் களியைத் தவிர வேறொன்றும் கிடையாமல் அதையே உண்டு, 'பெல்லாக்ரா' என்ற நோய் பற்றி, தோல் வெடித்து, சித்தம் கலங்கி மாண்ட குடியானவர்கள் வெனெட்டோவிலும் லொம்பார்தியாவிலும் ஆயிரமாயிரம் பேர். 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்நோய் அங்கே குடியிருந்தது. உணவு விடுதியின் பட்டியலில் இந்தச் செய்தி இராது. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கால் வீங்கிய நம்மவர்களின் கதையும் இன்றைய மரவள்ளி அப்பத்தின் மேல் எழுதியிருப்பதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வாரக் குடியானவர்கள் போராடினார்கள். பிறகு பட்டணத்து ஆலைகளை நாடி நிலத்தை விட்டே போனார்கள். 1964-இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. காலியாய்க் கிடந்த கல் வீடுகளை ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் வாங்கினர். பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் தொழிலை ஒழுங்குபடுத்த 1985-இல் ஒரு சட்டம் பிறந்தது. எந்த வீட்டில் பதினைந்து பேர் நெருங்கிப் படுத்து, கீழ்த்தளத்தில் மாட்டைக் கட்டியிருந்தார்களோ, அந்த வீட்டில் இன்று பிரயாணிகள் ஓர் இரவுக்குக் கொடுக்கும் வாடகையைக் கேட்டால் அந்தப் பழைய குடியானவன் மூர்ச்சித்து விழுவான்.

நிற்க. நம் மலைக்கு வருவோம்.

இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் காமிரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இங்கே வந்தார். உடன் வந்தவர் குலோப் ரியாவ். காமிரன் பெயர் மலைக்கு ஆயிற்று. குலோப் ரியாவின் பெயரைச் சரித்திரப் புத்தகங்களில் தேடித்தான் எடுக்க வேண்டும். அவர்கள் 'கண்டுபிடித்த' மலையில் செமாய், தெமியார் முதலிய பழங்குடி மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே குடியிருந்தார்கள் என்பதை நினைத்தால் கண்டுபிடிப்பு என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது நமக்கு விளங்கவில்லை. பெர்த்தாம் என்பதே இக்காட்டில் வளரும் ஒரு பனையினத்தின் பெயர். அதன் ஓலையைக் கொண்டு கூரை வேய்வார்கள். அந்தப் பெயரை ஆற்றுக்கு இட்டவர் எந்தத் துரையும் அல்லர்.

நாற்பது ஆண்டு இம்மலை அப்படியே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, வெயிலுக்கு வாடும் உத்தியோகஸ்தர்கள் இளைப்பாற ஏற்ற இடம் என்று கண்டார். 1930-களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்தேறும் சாலை முடிந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வெள்ளைக்கார வியாபாரி, இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரோடு சேர்ந்து, 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் அவர் காலமானார். வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார் அதே 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்கள்.

1929 என்ற ஆண்டை நேயர்கள் கவனிக்க வேண்டும். உலகப் பொருளாதார வீழ்ச்சி அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிற்று. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. கீழ்நாட்டுத் தோட்டங்களில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில்தான் இங்கே காடு வெட்டிக் கொழுந்து நட்டார்கள். ஓரிடத்தில் வேண்டாத கை இன்னோரிடத்தில் வேண்டியிருந்தது. அந்தக் கைக்கு விலை சொல்லும் நிலைமையோ எவ்விடத்திலும் இல்லை. கங்காணி முறையில் வந்தவர்களும், பால்மரக் காட்டிலிருந்து மேலேறியவர்களும் இம்மலைக் குளிரில் மெல்லிய வேட்டியோடும் சேலையோடும் நின்றார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின், இங்கே இருந்தவர்களே இங்கே பிறந்தவர்களைக் கொண்டு மலையை நிரப்பினார்கள்.

மில்ன் இலங்கையிலிருந்து கொண்டுவந்தது நாற்றையும் யந்திர ஞானத்தையும் மட்டுமா? அந்தத் தோட்டங்களின் ஒழுங்கு முறை முழுவதும் அவற்றோடு வந்தது. இரண்டிலையும் ஒரு மொட்டும் என்ற விதி. முதுகில் கூடை. நிறுவைக் களத்தில் கழிவு. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை ஒரு பெண் பிள்ளை மழையிலும் அட்டைக் கடியிலும் சரிவில் ஒரு காலை ஊன்றி மறு காலை மடக்கி நின்று கிள்ளிச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு அது ஆலைக்குப் போய் வாடும், உருளையில் நசுங்கும், காற்றுப் பட்டுச் சிவக்கும், அனலில் உலரும், கடைசியாகச் சல்லடையில் இறங்கும்.

அந்தச் சல்லடையில்தான் தேயிலைக்கும் வகுப்புப் பேதம் உண்டாகிறது. பெரிய இலை மேலே நிற்கும், சிறியது கீழே போகும், எல்லாவற்றிற்கும் அடியில் தூள் விழும். தேயிலையைத் தரம் பார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். 100 மில்லிலீட்டர் வெந்நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று சர்வதேச அளவே வகுத்திருக்கிறார்கள். கரண்டியில் எடுத்து, உஸ்ஸென்று உறிஞ்சி, வாயெல்லாம் பரப்பி, பிறகு துப்பிவிடுகிறார்கள். இத்தாலியில் மதுவைத் தரம் பார்ப்பவரும் இப்படியே துப்புகிறார். துப்புவதற்குக் கூலி பெறும் தொழில் உலகத்தில் இவை இரண்டாகத்தான் இருக்க வேண்டும்!

இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் நல்ல இலை கப்பலேறிற்று. தூள் உள்ளூரில் தங்கிற்று. கொழுந்து கிள்ளியவள் வீட்டு அடுப்பில் கொதித்தது அந்தத் தூள்தான். கியாந்தியின் இரண்டாம் நீர் நமக்கு நினைவு வருகிறதல்லவா? ஆனால் இங்கே கதை வேறு வழியில் திரும்பிற்று. தூளுக்கு ஒரு குணம் உண்டு: சீக்கிரம் இறங்கும், கறுப்பாய் இறங்கும், கெட்டிப்பால் எவ்வளவு ஊற்றினாலும் தன் காரத்தை விடாது. மலாயாவின் பட்டணங்களில் கடை வைத்த நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் அந்தத் தூளைத் துணிப் பையில் வடித்து, பாலைக் கலந்து, இரண்டு குவளைக்கு நடுவே ஓரடி இரண்டடி தூரம் இழுத்து ஆற்றினார்கள். அதுவே தே தாரே. துறைமுகத்துச் சுமையாளும் லாரிக்காரரும் குடித்த அந்தப் பானத்தை இன்று மந்திரிகளும் விளம்பரப் படங்களில் இழுத்து ஆற்றிக் காட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக், ரொட்டி சானாய் என்பவற்றோடு தே தாரேயும் அதில் இடம்பெற்றது. மலைமேல் விலையுயர்ந்த இலையை வெண்பீங்கான் கிண்ணத்தில் பருகிவிட்டு இறங்குகிற பிரயாணியும், தாப்பா வந்ததும் ஒரு தே தாரே கேட்கத்தான் செய்கிறார்.

மதுவின் யாத்திரையைப் பற்றி எழுதிவிட்டுக் கள்ளைப் பற்றிப் பேசாமல் போனால் நாம் நேர்மையாய் எழுதியவர்களாக மாட்டோம். தென்னை இம்மலைக் குளிரில் செழிக்காது. கள்ளின் சரித்திரம் கீழ்நாட்டுத் தோட்டங்களுக்கு உரியது. ஆனால் இங்கே ஏறிவந்தவர்களில் பலர் அத்தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். இத்தாலியில் திராட்சை மது நாகரிகத்தின் அடையாளமாம். தமிழன் குடித்த கள் மட்டும் அவனுடைய இழிவின் அடையாளமாம். இரண்டும் புளித்த சாறுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது? கடையில் இருக்கிறது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை, சம்பள நாளில் கிராணியின் மேசையிலிருந்து கடைக்குச் சில எட்டுத் தூரம், கொடுத்த கூலி மாலைக்குள் திரும்பி வரும். கடையின் இலாபத்தில் தொழிலாளருக்கே நன்மை செய்கிறோம் என்று ஒரு நிதியும் வைத்திருந்தார்கள்! மனைவி மக்கள் பட்டினியில் சேர்த்த பணத்தில் பந்தாட்டத்துக்குப் பந்து வாங்கிக் கொடுக்கும் தருமம் இது.

இதை நம்மவர்களே கண்டுகொண்டார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலியுயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. வெள்ளைக்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. பட்டாளம் வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். யுத்தம் முடிந்தபின் 1946, 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். பெண்கள் அதை ஆதரித்தது ஏன் என்று அவர்கள் வீட்டுச் சட்டியைக் கேட்டால் சொல்லும். குடி நல்லதென்று நாம் சொல்ல வரவில்லை. குடிப்பவனைத் திட்டிவிட்டு, அவன் வாசலில் கடை வைத்தவனை வாழ்த்தும் சீர்திருத்தம் அரைச் சீர்திருத்தம் என்றே நினைக்கிறோம்.

இன்று கொழுந்துக் கூடை பெரும்பாலும் போய்விட்டது. கத்தரியும், இருவர் இருபுறம் பிடித்து நடக்கும் யந்திரமும் வந்திருக்கின்றன. தமிழர் கையும் குறைந்துவிட்டது. 1969-க்குப் பின் பிரஜாவுரிமைப் பத்திரமில்லாதவர்களுக்கு வேலைப் பத்திரம் கட்டாயமானபோது பல்லாயிரம் தோட்டத் தமிழர் தாங்கள் பிறந்த நாட்டை விட்டு, தாங்கள் பாராத ஊருக்குக் கப்பலேறினர். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள்; அது போகவேண்டிய வழிதான். அவர்கள் விட்ட இடத்தில் வங்காள தேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். 2013-இல் இந்நாட்டில் முதன்முதலாய்க் குறைந்தபட்சச் சம்பளம் அமலானபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. இத்தாலியிலும் திராட்சை அறுப்பவர்கள் இப்போது கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்துக் கூலியில் பங்கெடுக்கும் தரகனுக்கு அங்கே 'கப்பொராலே' என்று பெயர். நாம் கங்காணி என்றோம். அவனைத் தண்டிக்க 2016-இல் கடுமையான சட்டம் செய்திருக்கிறார்கள்.

பெர்த்தாம் ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஆறு தானா ராத்தா வழியாய் இறங்கி, 1963-இல் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணைக்குள் புகுகிறது. மேல்சரிவுகளில் காட்டை வெட்டிக் காய்கறி பயிரிட, மண் கரைந்து ஆற்றில் வந்து, ஏரியின் வயிற்றை நிரப்பிற்று. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி, பெருமழையில் நள்ளிரவுக்குப் பின் அணையின் கதவைத் திறந்தார்கள். அணைக்குக் கீழே லெம்பா பெர்த்தாம். வெள்ளமும் சேறும் வீடுகளையும் வாகனங்களையும் அடித்துக்கொண்டு போயின, உயிர்களும் போயின. மேலே பிரயாணிகள் சுவைக்கும் சல்லாத்துக் கீரைக்கும் கீழே ஓடிய சேற்றுக்கும் ஒரே மண்தான்.

பெர்த்தாமிலும் ரிங்லெட்டிலும் ஹாபுவிலும் இன்னும் சில வீடுகளில் பாட்டிமார் இருக்கிறார்கள். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தக் கங்காணியோடு தங்கள் தாய் தந்தையர் வந்தார்கள், எத்தனையாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்தார்கள், மாலையில் என்ன குடித்தார்கள் என்பவை அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டெழுதலாம். பழைய செக்ரோல் புத்தகங்களில் பெயர்கள் இருந்தன. நாளுக்கு ஒரு கோடு. வேலைக்கு வந்த நாளைக்கு ஒரு குறி, வராத நாளைக்கு ஒரு குறி. செல்லரித்தவை போக மிஞ்சியது எந்த அலமாரியில் இருக்கிறதோ, அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டும்.

சென்ற விடுமுறையில் நாம் மலைக்குப் போயிருந்தபோது, ஒரு தேநீர்க் கடையின் வாசலில் பழைய கொழுந்துக் கூடை ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் அதை முறைபோட்டு முதுகில் மாட்டிப் படமெடுத்துக்கொண்டார்கள். பட்டை தோளில் எப்படி விழ வேண்டும் என்று தெரியாமல் ஒரு பெண் தடுமாற, உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்த ஒரு வயோதிகத் தமிழம்மாள் துணியை வைத்துவிட்டு வந்து, சரியாய் மாட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி போய்த் துடைத்துக்கொண்டிருந்தார்.